வெறும் வயிற்றோடு ஏறாதே

பிப்ரவரி 4

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

நான் நலம். நலம் விசாரிக்கத்தான் போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நான் படுக்கப் போகும் நேரத்தில் நீங்கள் பேக்கரிக்கு மாவு பிசையக் கிளம்புகிறீர்கள். நான் கிரேன் ஏணியில் கால் வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து குறட்டை விடுகிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டே இருக்க, நீங்கள் "ம்... ம்..." என்று சொல்லிச் சொல்லித் தூங்கியே போனீர்கள். இனிமேல் கடிதம்தான். பாதியில் தூங்கினாலும் மீதியை மறுநாள் படித்துக்கொள்ளலாம்.

கட்டடம் இருபத்திரண்டாவது மாடிக்கு வந்துவிட்டது. போன வாரம் கிரேனையும் உயர்த்தினார்கள். என் கேபினுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. கீழே சிக்னல்காரர் மட்டும் பச்சைத் தொப்பி போட்டிருப்பதால் அடையாளம் தெரிவார். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுகிறார் என்று அவருக்குப் பீப்பி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் வாக்கி டாக்கியில் "அக்கா, மெதுவா... இன்னும் மெதுவா..." என்பார். நான் டன் கணக்கில் இரும்பை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல இறக்கிவைப்பேன். இந்த சைட்டில் மேலே உட்கார்ந்திருக்கும் ஒரே பொம்பளை நான்தான். அந்தத் திமிர் எனக்கு இன்னும் குறையவில்லை.

ஒரு சின்ன விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். பத்து நாளாக அவ்வப்போது நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு. சட்டைப் பையில் போன் அதிர்கிற மாதிரி இருக்கிறது. முதல் தடவை நிஜமாகவே பையைத் தடவிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் துடிதுடிக்கும், அப்புறம் தானாக அடங்கிவிடும். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை. நீங்களும் பயப்படாதீர்கள்.

குளிர் காலம். அடுப்பை விட்டு வேர்வையோடு வெளியே போய் நிற்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் குருவி

*

பிப்ரவரி 8

என் குருவிக்கு,

பயப்படாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தில்தான் எனக்குப் பயமே வந்தது. நாலு பக்கக் கடிதத்தில் நடுவில் ஒளித்து வைத்தால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாயா? அந்தப் பத்தியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை. அதிலிருந்து என் கை என் நெஞ்சை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பேக்கரியில் எல்லோரும் நான் யாருக்கோ சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன் என்று சிரிக்கிறார்கள்.

உண்மையைச் சொல். காலையில் என்ன சாப்பிடுகிறாய்? மத்தியானம் என்ன? எனக்குப் பதில் தெரியும், இருந்தாலும் உன் கையெழுத்தில் வேண்டும்.

போன தடவை நீ லீவில் வந்தபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாயே, அதை நான் மறக்கவில்லை. பேசவில்லை, நிமிரவில்லை, ஒரு நாள் சாப்பாட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டாய். "என்னடி, ஊரே பஞ்சத்துல இருக்கா?"ன்னு கேட்டேன். சிரித்து மழுப்பினாய். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

எனக்கும் இது வந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் நிற்பேன். விடியற்காலையில் கை நடுங்கும், நெஞ்சு தாறுமாறாக அடிக்கும். முதலாளி ஒரு பன்னைப் பாலில் தோய்த்து வாயில் திணித்தார், கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அதனால் உனக்கும் இது பசிதான், எழுதி வைத்துக்கொள். இருந்தாலும் ஒரு டாக்டரைப் பார். கண்டிப்பாகப் பார்.

பார்சலில் பன்னும் ரஸ்க்கும் அனுப்பியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு ஏறாதே.

உன்,
ரொட்டிக்காரன்

*

பிப்ரவரி 15

அன்புள்ள ரொட்டிக்கார டாக்டருக்கு,

பார்சல் வந்தது. ஒரு பன் நசுங்கியிருந்தது, அதை உங்கள் ஞாபகமாக முதலில் சாப்பிட்டேன்.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், திட்டக் கூடாது. காலையில் ஒன்றுமில்லை. மத்தியானமும் ஒன்றுமில்லை. எழுந்ததிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. ஏணி வழியாக இறங்கி, சைட்டின் கடைசி மூலையிலிருக்கும் பொம்பளைகள் கக்கூஸுக்குப் போய், திரும்ப ஏறி வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அதுவரை கீழே கலவை காத்திருக்கும், ஆட்கள் காத்திருப்பார்கள். போன வருஷம் ஒரு தடவை இறங்கினேன். மேஸ்திரி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வாக்கி டாக்கியில் "மகாராணி இறங்கிட்டாங்க, எல்லாரும் உக்காருங்கப்பா" என்றார். மற்ற கிரேன்களில் இருக்கும் ஆம்பளைகளுக்கு ஒரு பாட்டில் போதும். எனக்கு? அன்றிலிருந்து உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே எதுவும் வராது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அப்படியே பழகியும் விட்டது. சாயங்காலம் இறங்கியதும் முதலில் ரெண்டு டம்ளர் கடும் டீ, அப்புறம் கண் மண் தெரியாமல் சாப்பாடு.

இப்போது உங்கள் சொல்படி காலையில் ஒரு பன்னும் முட்டையும் சாப்பிட்டுத்தான் ஏறுகிறேன். மேலே ரஸ்க் வைத்திருக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் குடிக்கிறேன். பீப்பியிடம் மட்டும் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். "அதுக்கென்னக்கா, ரெண்டு லோடுக்கு நடுவுல நான் பாத்துக்கிறேன், நீங்க இறங்குங்க" என்றார். நல்ல மனுஷன். படபடப்பு பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், போதுமா?

டாக்டர் மட்டும் வேண்டாம். அடுத்த மாதம் கம்பெனியின் வருஷப் பரிசோதனை வருகிறது. அதற்குள் என் மருத்துவச் சீட்டில் யாராவது "நெஞ்சு" என்று ஒரு வார்த்தை எழுதினால் என்னைக் கீழே இறக்கி ஸ்டோரில் ஆணி எண்ண விட்டுவிடுவார்கள். இந்த நாற்காலிக்கு நான் எத்தனை வருஷம் மல்லுக்கட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

அன்புடன்,
குருவி

*

பிப்ரவரி 19

என் குருவிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பன்னுக்கு இப்படி ஒரு குணம் இருப்பது முதலாளிக்குத் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார். இன்னொரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை நசுங்காமல் இருக்க உன் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

அந்த மேஸ்திரியை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும். அடிக்க மாட்டேன். அவரை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் எங்கள் அடுப்பு முன்னால் நிற்க வைத்தால் போதும்.

சந்தோஷமாகத்தான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மெஷின் ஒரே சீராக ஓடும் அல்லவா, தட தட தட என்று. திடீரென்று ஒரு இடத்தில் திக்கி, ரெண்டு மூன்று தரம் வேகமாக அடித்து, மறுபடி சீரானது. சட்டென்று சுவிட்சை அணைத்தேன். மெஷினுக்கு எண்ணெய் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு வேலை ஓடவில்லை. உன் அம்மா ஞாபகம் வந்தது.

நம் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். நெஞ்சுதான் என்று நீ ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. நானும் துருவிக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவர்களுக்கு என்ன ஆனது? "பாதிக்குப் பாதி" என்று எழுதியிருக்கிறாயே, மீதிப் பாதி எப்போது வருகிறது?

எனக்கு நல்ல பதில் வேண்டாம். உண்மையான பதில் வேண்டும்.

உன்,
ரொட்டிக்காரன்

*

பிப்ரவரி 25

என்னங்க,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் முதலிலிருந்தே கடிதம் என்றேன். உங்கள் குறட்டை மேல் பழி போட்டது சும்மா.

மீதிப் பாதி வயிறு நிறைந்திருக்கும்போது வருகிறது.

நேற்று முன்தினம் காலையில் நன்றாகச் சாப்பிட்டுத்தான் ஏறினேன். மேலே போயும் ரஸ்க் சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன். கொக்கியில் ஒரு கட்டு கம்பி. கீழே தளத்தில் ஏழெட்டுப் பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுமை அவர்கள் பக்கமாகத் திரும்பும்போது ஆரம்பித்தது. இந்தத் தடவை அதிர்வு இல்லை. உள்ளே யாரோ கதவைப் போட்டு உடைக்கிற மாதிரி. கண் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. கை மட்டும் தானாகவே லீவரை விட்டுவிட்டது. விட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டு அந்தரத்தில் ஆடிக்கொண்டே நின்றது. அவர்கள் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"அக்கா? அக்கா, என்னாச்சு?" என்றார் பீப்பி.

"காத்து அடிக்குது, இருங்க" என்றேன்.

எதிரே கம்பத்தில் கொடி ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஒரு இலை அசையவில்லை. பீப்பிக்கும் அது தெரிந்திருக்கும். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு விசிலடித்து அந்த ஆட்களை ஓரமாக விலக்கினார். அடங்கியதும் சுமையை இறக்கிவைத்தேன். அப்புறம் சாயங்காலம் வரை வேலை பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்கும் இப்படித்தான். வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "ஒண்ணுமில்லடி, பசிப் படபடப்பு. ஒரு வாய் சாப்பிட்டா சரியாயிடும்" என்பாள். ஒரு பிஸ்கட்டைத் தின்பாள், சரியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் சரியானது. அதனால் யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. அந்த நாளில் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கும் பரிமாறினாள். மொட்டைமாடியில் துணி எடுத்து வருகிறேன் என்று போனாள். வெகு நேரம் வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன்.

உங்கள் முதல் கடிதத்தில் "உனக்கும் இது பசிதான்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அம்மா குரலே கேட்டது. ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

குருவி

*

மார்ச் 1

குருவி,

வேடிக்கை எதுவும் எழுத வரவில்லை.

உன் கடிதத்தைப் பேக்கரி வாசலில் நின்று படித்தேன். உள்ளே அடுப்பில் ஒரு தட்டு முழுக்கக் கருகிப் புகை வந்த பிறகுதான் நினைவு வந்தது. முதலாளி கத்தினார். அவர் கத்துவது தூரத்தில் யாரையோ கத்துவது போலிருந்தது.

நான் மடையன். எனக்குத் தெரிந்தது மாவும் அடுப்பும். அதனால் உன் நெஞ்சுக்கும் அதையே வைத்தியமாக்கினேன். பசி இருக்கட்டும், அது உன்னைப் படுத்தியது நிஜமாகவே இருக்கட்டும். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. அது உன் அம்மாவைக் கொண்டுபோயிற்று என்பதுதான் என் பயம்.

கையெடுத்துக் கும்பிடுகிறேன். சனிக்கிழமைக்குள் டாக்டரிடம் போ. அதுவரை மேலே ஏறாதே. காய்ச்சல் என்று சொல், வயிற்றுப்போக்கு என்று சொல், என் அப்பா செத்துவிட்டார் என்று சொல். அவர் எப்போதோ செத்ததுதானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீ போகவில்லை என்றால் திங்கட்கிழமை உன் சூப்பர்வைசருக்கு நானே போன் செய்வேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை. உனக்கு ஒன்று ஆனால் நான் செத்தேன், அதைக்கூட விடு. அந்த ஏழெட்டுப் பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள்தானே.

உன்,
ரொட்டிக்காரன்

*

மார்ச் 4

ரொட்டிக்காரருக்கு,

உங்களை நம்பி எழுதினேன். என் வாயைக் கிண்டி வாங்கிக்கொண்டு இப்போது அதையே என் கழுத்தில் கட்டுகிறீர்கள்.

பரிசோதனை முடியட்டும், பிறகு நானே போகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் திங்கட்கிழமையைப் படித்ததும் அதுவும் போயிற்று. நீங்கள் ஒரே ஒரு போன் செய்தால் என் பத்து வருஷத்தையும் அழித்துவிடலாம். "பொம்பளைய மேல ஏத்தினா இப்படித்தான்" என்று அந்த மேஸ்திரி இனி ஊரெல்லாம் சொல்லித் திரிவார். எனக்குப் பிறகு எந்தப் பெண்ணையும் அந்த ஏணி பக்கம் விட மாட்டார்கள்.

போன் செய்தீர்கள் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். நானும் மிரட்டலுக்குச் சொல்லவில்லை.

பன் அனுப்ப வேண்டாம்.

*

மார்ச் 8

என் குருவிக்கு,

போன் செய்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகுதான் செய்தேன், திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. படிக்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. படித்தேன், நீ சொன்னதைச் செய்கிற ஆள் என்றும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து நம்பரை அழுத்தினேன்.  சூப்பர்வைசர் எடுத்தார். "நான் கிரேன் ஆபரேட்டரம்மாவோட வீட்டுக்காரர் பேசறேன்"னேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு "அவங்க இப்ப மேலதான் இருக்காங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு உயிரே போயிற்று. உன்னை இறக்கிவிட்டு எனக்குச் சொல்லும்படி கெஞ்சினேன். வெகு நேரம் கழித்துக் கூப்பிட்டு "இறங்கிட்டாங்க" என்றார். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வர மாட்டேன் என்றாய். வராதே. என்னைத் திட்டிக்கொண்டு, என் முகத்தில் விழிக்காமல், எங்கேயாவது உயிரோடு இரு. எனக்கு அது போதும். போதாது, ஆனால் போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன்,
ரொட்டிக்காரன்

*

மார்ச் 15

குருவி,

பதில் இல்லை. உன் போன் அணைந்தே கிடக்கிறது. சூப்பர்வைசர் "ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம், அதுக்கு மேல அவங்ககிட்டயே கேட்டுக்குங்க" என்று வைத்துவிடுகிறார். எந்த ஆஸ்பத்திரி என்றுகூடச் சொல்லவில்லை.

தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வாசலுக்கு ஓடுகிறேன். அவர் இப்போதெல்லாம் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

கோபத்தில் எழுதாமல் இருக்கிறாயா, எழுத முடியாமல் இருக்கிறாயா? அதை மட்டும் சொல். கோபம் என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ரொட்டிக்காரன்

*

மார்ச் 19

ரொட்டிக்காரருக்கு,

கோபம்தான். தூங்குங்கள்.

உங்கள் ரெண்டு கடிதத்தையும் பீப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து தந்தார். உங்கள் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அன்று பீப்பி "அக்கா, சூப்பர்வைசர் கூப்பிடுறாரு, இறங்கி வாங்க" என்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஏணியில் ஒவ்வொரு படிக்கும் உங்களைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். கீழே வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கச் சொன்னார்கள். மறுநாள் டாக்டரம்மா அந்தக் காகிதத்தை விரித்துக் காட்டினார். ஒரு இடத்தில் கோடு பைத்தியம் பிடித்த மாதிரி எகிறியிருந்தது. "இந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். பார்த்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

"இது பசிதானே, டாக்டர்?" என்று கேட்டேன். அப்போதும் கேட்டேன் பாருங்கள். "பசியும் தண்ணி குடிக்காததும் அதைக் கிளப்பி விட்டிருக்கலாம். பட்டினி கிடந்துட்டு மொத்தமா சாப்பிடறதும், அந்த டீயும்கூட. ஆனா கிளம்பறதுக்கு உள்ள ஏற்கெனவே ஒண்ணு இருந்திருக்கு. எல்லாருக்கும் பசிக்குது, எல்லாருக்கும் இப்படி ஓடறதில்ல" என்றார். இதயத்தில் மின்சாரம் ஓடுகிற பாதையில் பிறவியிலேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறதாம். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு அந்தக் குறுக்கு வழியைச் சுட்டுவிடுவார்களாம். அதுவரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் நல்லபடியாகவே முடியுமாம். பெரும்பாலும் என்ற வார்த்தையைத்தான் நான் ராத்திரியெல்லாம் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். முடிந்த பிறகு மறுபடி மேலே போகலாமா என்று கேட்டேன். "முதல்ல கீழ நல்லா இருங்க, அப்புறம் பாப்போம்" என்றார்.

அன்றைக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாதாம், தண்ணீரும் கூடாதாம். கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வெறும் வயிற்றோடு அந்த ராத்திரியைத் தனியாக எப்படிக் கழிக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. ஒரு தடவை துடித்தாலும் அம்மா ஞாபகம் வரும். இங்கே என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. யாரும் உட்காருவதில்லை, நர்ஸ் தன் பையை வைத்துக்கொள்கிறார்.

நீங்கள் செய்தது சரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வந்தாலும் எழுத மாட்டேன். உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான்.

ஆனால் நீங்கள் இங்கே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. புதன்கிழமை இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். ரொம்பப் பயமாக இருக்கிறது.

குருவி